பாலம் நன்று, பாலத்தில் ஏறும் இடம் நன்றன்று: ஒரு நான்குவழிச் சாலைப் பணியின் மதிப்பீடு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அண்மை ஆண்டுகளில் நடைபெற்ற நான்குவழிச் சாலைப் பணிகளில் ஒரு பகுதியை எடுத்துச் செய்த ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வேலையைப் பற்றியது இந்த மதிப்பீடு. தென்மாநிலங்களில் சாலை, பாலம், மலைச் சுரங்கப்பாதை ஆகிய மூன்றையும் செய்வதாகத் தன் பலகைகளில் எழுதிவைத்திருக்கும் நிறுவனம் அது. அதன் பெயரையும் அது கட்டிய பகுதியின் எல்லைகளையும் தவிர்த்திருக்கிறேன். பலகையில் ஒரு பெயர்தான் இருக்கும். மண்வேலை ஒருவருக்கும், கான்கிரீட் வேலை இன்னொருவருக்கும், தடுப்புத் தகடு பொருத்துவது மூன்றாமவருக்கும் உள்ஒப்பந்தமாகப் போயிருக்கும் என்பது இந்தப் பக்கத்தில் ஒரு டிப்பராவது வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிந்ததே. எனவே எந்த வேலை தேறியது, எந்த வேலை தேறவில்லை என்று பிரித்துச் சொல்வதே படிப்பவர்களுக்குப் பயன்படும்.

நான் பொறியாளன் அல்லன். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி மண்டி நடத்துகிறவன். பாலக்கோடு, இராயக்கோட்டைச் சந்தைகளிலிருந்து சேலம், கோயம்புத்தூர் வழியாகக் கேரளத்துக்கும், மறுபக்கம் ஓசூர், பெங்களூருக்கும் சரக்கு அனுப்புவது என் தொழில். தக்காளி ஏற்றிய லாரி ஒரு சாலையைப் பற்றிச் சொல்லும் செய்தி தனி வகையானது. கார் ஓட்டுகிறவர் ஒரு குலுக்கலை அடுத்த நிமிடமே மறந்துவிடுவார்; கிரேட்டுகளை ஏழெட்டு வரிசை அடுக்கிச் சென்ற லாரியில் அந்தக் குலுக்கல் அடிவரிசைப் பழத்தின் மீது தங்கிவிடும். இறக்குமிடத்தில் அடிக்கிரேட்டைக் கவிழ்த்துப் பார்க்கும் வியாபாரி அதற்கான கழிவைப் பேசி வாங்கிக்கொள்வார். சாலையின் தரத்தைப் பற்றி நான் கணக்கு வைக்கத் தொடங்கியதற்கு இந்தக் கழிவுதான் காரணம்.

சாலை ஒப்பந்தக்காரர்களுக்கு இந்த இரு மாவட்டங்களும் ஒரு வகையில் வசதியான களம். 2010-க்கு முன் ஏழாம் எண்ணோடு இருந்து இப்போது 44 ஆகியிருக்கும் ஸ்ரீநகர் - கன்னியாகுமரி நெடுஞ்சாலை ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் வழியாகச் செல்கிறது. வேலூர் வழியே சென்னைக்குச் செல்லும் 48, ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழியே திண்டிவனம் செல்லும் 77, ஆந்திரத்திலிருந்து குப்பம் வழியே வரும் 42 ஆகியவை கிருஷ்ணகிரியில் வந்து சேர்கின்றன. அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூருக்குச் செல்லும் பழைய மாநில நெடுஞ்சாலை 844 என்ற எண்ணில் தேசிய நெடுஞ்சாலையாகிவிட்டது. கருங்கல்லுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஜல்லியும் எம்-சாண்டும் தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. தரையும் பல இடங்களில் செம்மண்ணுக்குச் சற்றுக் கீழேயே பாறையாக இருப்பதால் பாலத்தின் கடைகாலுக்கு வெகு ஆழம் தோண்ட வேண்டியதில்லை. இத்தனை வாய்ப்புகள் இருக்கும்போது வேலை கெட்டால் அதற்குப் பொருளையோ பூமியையோ குறை சொல்ல முடியாது.

முதலில் பாலங்கள். இவற்றில் நிறுவனத்தின் கைத்திறனை மறுப்பதற்கில்லை. உத்திரங்களைச் சாலையோரத்தில் தனி யார்டு அமைத்து வார்த்தார்கள். சணல் சாக்கு போர்த்தி நாள் தவறாமல் நீர் விட்டார்கள். போக்குவரத்துக் குறைந்த நள்ளிரவில் இரண்டு கிரேன்களைக் கொண்டு தூக்கித் தூண்களின் மேல் வைத்தார்கள். அச்சுப் பலகையைப் பிரித்த பிறகு தூண்களில் தேன்கூடு போன்ற பொத்தல்களோ வெளியே தெரியும் கம்பியோ கண்ணில் படவில்லை. மேல்தளத்தின் நீர் வடிகுழாய்கள் தூணை ஒட்டிக் கீழே இறக்கப்பட்டிருக்கின்றன. கீழே செல்பவர் தலையில் கொட்டும்படி விடப்படவில்லை. வெயிலில் தளம் விரிவதற்கு இடம் விட்டு அமைக்கும் விரிவு இணைப்புகளில் ரப்பர் பட்டை இன்னும் கிழியாமல் இருக்கிறது. கைப்பிடிச் சுவரின் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் பிடித்தாற்போல் போகிறது. புகைப்படம் எடுத்துப் போட்டால் எந்தப் பெரிய நிறுவனத்தின் வேலைக்கும் இது குறைந்ததாகத் தெரியாது.

சிக்கல், பாலம் தொடங்குவதற்குச் சற்று முன்னும் முடிந்த உடனேயும் இருக்கிறது. எங்கள் ஓட்டுநர் ஒருவர் சொன்னது இது: "பாலத்துல ஒரு கொறையும் இல்லீங்கண்ணா. அதுல ஏறுற எடத்துலயும் எறங்குற எடத்துலயுந்தான் வண்டிய தூக்கிப் போடுது." இதற்கான காரணத்தை, வேலை நடந்தபோது தினமும் கடந்து சென்றவர்கள் கண்ணால் பார்த்திருக்க முடியும். பாலத்தின் முனைச்சுவர் பாறையில் நிற்கிறது, அது இறங்காது. அதன் பின்னால் ஆறேழு மீட்டர் உயரத்துக்குக் கொட்டி நிரப்பப்பட்ட மண் காலப்போக்கில் கொஞ்சமேனும் அமுங்கும். அந்த அமுக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் மண்ணைச் சுமார் இருபது சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் இறுக்கி, சோதனை செய்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். பெரிய உருளை முனைச்சுவரை ஒட்டி வர முடியாது. வந்தால் சுவருக்கு ஆபத்து. அந்தக் கடைசி ஒன்றரை மீட்டரில் கையால் இயக்கும் சிறிய இறுக்கு எந்திரத்தைக் கொண்டு பொறுமையாகச் செய்ய வேண்டும். சுவருக்குப் பின்னால் நீர் வடிவதற்குக் கல் அடுக்கு வேண்டும். சுவரில் விடப்பட்ட துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். மண்ணுக்கும் பாலத்துக்கும் இடையே குறைந்தது மூன்றரை மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் பலகம் ஒன்று படுக்கவைக்கப்பட வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் விதி. பலகம் வைத்திருக்கிறார்கள். அதன் கீழே மண் உட்கார்ந்துவிட்டால் பலகமும் சரிந்து, பாலத்தின் விளிம்பில் ஒரு படி உருவாகிவிடும். எங்கள் அடிக்கிரேட்டை நசுக்குவது இந்தப் படிதான்.

கால அவகாசம் முடியும் தறுவாயில், ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்த மழைக்காலத்துக்கும் இடையே, சில பாலங்களுக்கு மண் நிரப்பிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. டிப்பர்கள் வரிசையாக நின்று கொட்டின, ஜேசிபி தள்ளியது, உருளை ஓரிரு முறை ஓடியது. மழைக்கு முன்பே நிரப்பி, ஒரு பருவமழையைக் குடிக்கவிட்டுப் பிறகு தார் போட்ட பாலங்களில் இந்தக் குறை அநேகமாக இல்லை. ஒரே நிறுவனம், ஒரே மண், ஒரே ஜல்லி. வேறுபாடு அவசரத்தில் மட்டுமே இருக்கிறது.

இக்குறை அதிகாரபூர்வமான அளவீட்டில் ஏன் தெரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாலையின் மேடுபள்ளத்தை ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று வண்டியில் பொருத்திய கருவியால் அளக்கிறார்கள். அது ஒரு கிலோமீட்டர் தொலைவின் மொத்தக் குலுக்கலைக் கூட்டிக் காட்டும் எண். பேவர் எந்திரத்தால் ஒழுங்காக விரிக்கப்பட்ட தொள்ளாயிரத்துச் சொச்சம் மீட்டரின் நற்பெயரில், பாலத்து வாயிலில் இருக்கும் ஒரேயொரு படி கரைந்துபோகிறது. காகிதத்தில் சாலை தேர்ச்சி பெற்றுவிடுகிறது. தக்காளிக்குச் சராசரி தெரியாது.

அடுத்தது நீர். மழைநீரைத் தார்ப்பரப்பிலிருந்து வெளியேற்றும் வேலையை இந்த நிறுவனம் திருத்தமாகவே செய்திருக்கிறது: நேர்ப்பகுதிகளில் இரு பக்கமும் சரிவு உண்டு, வளைவுகளில் உட்பக்கச் சாய்வு உண்டு, நடுத்தடுப்பில் நீர் தேங்காமல் இருக்க இடைவெளிகளும் உண்டு. ஆனால் சாலையை விட்டு இறங்கிய நீர் பிறகு எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை பாதியில் நின்றுவிடுகிறது. ஓரக் கான்கிரீட் வாய்க்கால் ஓர் ஊரின் எல்லை வரை அழகாக வந்து, ஓடையையோ ஏரியையோ தொடாமல், யாரோ ஒருவருடைய நிலக்கடலைக் கொல்லையின் வரப்பில் முடிகிறது. பழைய சாலையின் சிறுபாலங்கள் வயல் மட்டத்துக்கு ஏற்ப இருந்தன. புதிய சாலை உயர்த்தப்பட்டபோது சில சிறுபாலங்களின் அடித்தளமும் சற்று மேலே ஏறிவிட்டது. விளைவாக மேற்பக்கத்துக் கொல்லையில் நீர் நிற்கிறது, கீழ்ப்பக்கத்துக் கிணறு காய்கிறது.

வறண்ட மாவட்டம்தானே, மழைக்கு எதற்கு இவ்வளவு கவலை என்று கேட்பவர்களுக்கு 2024 டிசம்பர் தொடக்கத்தை நினைவூட்டலாம். ஃபெஞ்சல் புயலின் எச்சம் உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நீர் பெருகி வந்து, பேருந்து நிலையத்துக்கு அருகில் நிறுத்தியிருந்த வாகனங்களை இழுத்துச் சென்றதை நாடே காணொளியில் பார்த்தது. அந்த அளவு மழைக்கு எந்த வாய்க்காலும் போதாது என்பது உண்மைதான். போதாத வாய்க்கால் வேறு, சேருமிடமே இல்லாத வாய்க்கால் வேறு.

பிரதான சாலையை ஒட்டி ஊர்க்காரர்களுக்காகப் போடும் அணுகுசாலைகளும் வாகனச் சுரங்கவழிகளும் இதே கதையைத்தான் சொல்கின்றன. நான்குவழிச் சாலை ஊரை இரண்டாகப் பிரித்துவிடும். வீடு ஒரு பக்கம், கொல்லை மறுபக்கம், பள்ளி ஒரு பக்கம், பால் சொசைட்டி மறுபக்கம் என்று ஆகிவிடும். அதற்குத்தான் சாலைக்கு அடியில் வழி அமைக்கிறார்கள். கான்கிரீட் பெட்டியாக அவ்வழிகள் உறுதியாக இருக்கின்றன. ஆனால் இரு பக்கத் தரைமட்டத்தைவிட அவற்றின் தளம் தாழ்ந்திருப்பதால், சிறு தூறலுக்கும் முழங்கால் நீர் நின்று, மாட்டு வண்டியும் மொபெட்டும் மேலே ஏறி எதிர்த்திசையில் போகத் தொடங்குகின்றன. எதிரில் வரும் இரு சக்கர வண்டியைக் காணும் லாரி ஓட்டுநர் அந்த ஊர்க்காரரை ஏசுகிறார். அந்த ஊர்க்காரருக்கு வேறு வழி விடப்படவில்லை என்பது வண்டியின் உயரத்திலிருந்து தெரியாது. அணுகுசாலைக்குப் போட்ட தாரும் பிரதான சாலைக்குப் போட்ட தாரும் ஒன்றாக இருக்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் அணுகுசாலை இரண்டாம் மழைக்குள்ளேயே ஓரம் உடைந்து உதிர்வதை அதைக் கொண்டு சமாதானம் செய்ய முடியாது.

வேலை நடந்த காலத்து மாற்றுப்பாதைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பகலில் கொடி ஆட்டுபவர் இருந்தார். இரவில் ஒளிரும் பட்டை ஒட்டிய பீப்பாய்கள் இருந்தன. தூசி அடங்க நீர் தெளிப்பது மட்டும் மேலதிகாரிகள் வருகிற நாளில் தவறாமலும் மற்ற நாள்களில் தவறியும் நடந்தது. வெட்டப்பட்ட புளியமரங்களுக்கு ஈடாக நடுத்தடுப்பில் அரளி வைத்திருக்கிறார்கள். எதிர்வண்டியின் விளக்கொளியை மறைக்க அரளி உதவும். பேருந்துக்குக் காத்திருக்கும் மூதாட்டிக்கு உதவாது.

இத்தகைய குறைகளைக் கேட்டு வாங்கும் உரிமை எங்கே இருக்கிறது என்பது ஒப்பந்தத்தின் வகையைப் பொறுத்தது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. கட்டி, சுங்கம் வசூலித்து, பிறகு ஒப்படைக்கும் முறையில் சாலை பல ஆண்டுகள் ஒப்பந்தக்காரரின் கையிலேயே இருக்கும். ஹைபிரிட் ஆன்னுவிட்டி என்ற முறையில் கட்டுமானச் செலவில் 40 விழுக்காட்டை அரசு வேலை நடக்கும்போதே தருகிறது. மீதி 60 விழுக்காடு வழக்கமாகப் பதினைந்து ஆண்டுகளில் தவணைகளாகக் கொடுக்கப்படுகிறது, பராமரிப்பும் அந்நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும். முழுப் பணத்தையும் வேலையின் அளவுக்கேற்ப வாங்கிக்கொள்ளும் மூன்றாவது முறையில், குறைகளை ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக்காலம் முடிந்ததும் உறவு முடிந்துவிடும். பதினைந்து ஆண்டுகள் தானே பராமரிக்க வேண்டிய சாலையில் மண்ணை அரைகுறையாக இறுக்குவது தன் பணத்தைத் தானே புதைப்பதற்குச் சமம். ஆனால் மண்வேலையை உள்ஒப்பந்தமாக எடுத்தவருக்கு அந்தப் பதினைந்து ஆண்டுக் கவலை கிடையாது. கன மீட்டர் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு அவர் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுவார். தலைமை நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

இதே நிறுவனமோ இதையொத்த இன்னொன்றோ மலைப்பகுதியில் கட்டும்போது இந்தப் பழக்கம் என்ன விளைவிக்கும் என்பதே எனக்குள்ள பெரிய கவலை. எங்கள் சரக்கு தெற்கே போக வேண்டுமானால் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் ஆக வேண்டும். நீண்ட இறக்கம், அதன் நடுவே வளைவுகள், அடிவாரத்தில் இரட்டைப் பாலம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குகிறவர்களும், எஞ்சினின் பிடியை விட்டுவிட்டு பிரேக்கை மட்டுமே நம்பி அதைச் சூடேற்றிக்கொள்கிறவர்களும் அங்கே வந்து சேர்கிறார்கள். வேகம் இரட்டிப்பானால் நிறுத்தியாக வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. பாரம் ஏற்றிய லாரியின் பிரேக் டிரம் அதைத் தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி கட்டுப்பாட்டை இழந்து பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களில் மோதியதில் நால்வர் இறந்தனர். 2024 ஜனவரியில் மீண்டும் நால்வர். மோதிய வாகனங்கள் தீப்பிடித்தன. எச்சரிக்கைப் பலகை, ஒலிபெருக்கி, வேகக் கட்டுப்பாடு அனைத்தும் வந்தும் சாலையின் வடிவம் மாறவில்லை. அதனால்தான் சுமார் 6.6 கிலோமீட்டர் நீளத்துக்கு உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் வந்திருக்கிறது.

உயர்மட்டச் சாலையில் பாலத்தில் ஏறும் இடமும் இறங்கும் இடமும் தலா ஒன்றுதான் வரும், விரிவு இணைப்புகளோ எண்ணற்றவை. சமவெளியில் ஒரு படி அடிக்கிரேட்டை நசுக்குகிறது. இறக்கத்தில், முழுப் பாரத்தோடு பிரேக்கை மிதித்தபடி வரும் லாரியின் முன்சக்கரத்தில் அதே படி இடறினால் நடப்பது வேறு. அங்கே ஒப்பந்தம் எடுப்பவர் தூண்களின் உயரத்தைக் காட்டிப் பெருமைப்படுவதற்கு முன், அந்த இரு முனைகளையும் எப்படி இறுக்கப்போகிறார் என்பதைக் காட்ட வேண்டும்.

சுரங்கப்பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து நெடுஞ்சாலைகளில் மலையைக் குடைந்த பாதை இல்லை. ஆனால் இதே 44-ஆம் எண் சாலை ஜம்மு - காஷ்மீரில் செனானி - நஷ்ரி இடையே சுமார் ஒன்பது கிலோமீட்டர் மலைக்குள் செல்கிறது. 2017 ஏப்ரலில் திறக்கப்பட்ட அச்சுரங்கம் சுமார் முப்பது கிலோமீட்டர் மலைச்சுற்றை மிச்சப்படுத்தியது. நாங்கள் பயன்படுத்துவது அருகிலுள்ள குதிரான். சேலத்திலிருந்து கொச்சி செல்லும் 544-இல் பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் இடையே உள்ள அந்த ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இரட்டைச் சுரங்கம் கேரளத்தின் முதல் நெடுஞ்சாலைச் சுரங்கம். பல்லாண்டு இழுபறிக்குப் பிறகு ஒரு குழாய் 2021 ஜூலை இறுதியில் திறக்கப்பட்டது. குதிரான் ஏற்றத்தில் வரிசைகட்டி நின்ற காலத்தில் திருச்சூர்ச் சந்தைக்கு விடியற்காலையில் சேர முடியுமா என்பதே நிச்சயமில்லாமல் இருந்தது. அந்த வகையில் அது எங்கள் தொழிலுக்குக் கிடைத்த பெரிய உதவி. 2022 ஜனவரியில் ஒரு டிப்பர் லாரி தூக்கிய பெட்டியை இறக்காமலேயே உள்ளே ஓடி, நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகளை உடைத்துத் தள்ளியது. குடைவதற்கு ஆண்டுக்கணக்கில் பாடுபட்ட பாதையை இருட்டாக்க ஓர் அசட்டையான ஓட்டுநர் போதும். நுழைவாயிலுக்கு முன்பே உயரத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்றை நிறுத்துவது எவ்வளவு மலிவான வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தகைய கட்டுமானங்களுக்கான கூடுதல் விலையையும் நாமே கொடுக்கிறோம். பாலம், சுரங்கம், மேம்பாலம் போன்றவற்றின் நீளத்தைப் பத்து மடங்காகக் கொண்டு சுங்கம் கணக்கிடுவதே விதியாக இருந்தது. 2025 ஜூலையில் அதைத் திருத்தி, அப்படிக் கணக்கிட்டு வரும் நீளம் அல்லது சாலைப்பகுதியின் மொத்த நீளத்தில் ஐந்து மடங்கு, இவ்விரண்டில் எது குறைவோ அதற்கு வசூலித்தால் போதும் என்றாக்கினார்கள். 40 கிலோமீட்டரும் பாலமாகவே இருக்கும் ஒரு பகுதிக்கு முன்பு 400 கிலோமீட்டர்க் கட்டணம் என்றால் இப்போது 200. சலுகைதான், ஆனாலும் ஒரு மீட்டர் பாலத்துக்குச் சாதாரணச் சாலையைவிடப் பல மடங்கு கொடுப்பவர், அந்தப் பாலத்தில் வண்டி குதிக்காமல் ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

மதிப்பெண் கேட்டால் இந்த நிறுவனத்தின் உத்திரம், தூண், தளம் ஆகியவற்றுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். பிரதான சாலையின் தார்ப்பரப்புக்கு நான்கு. பாலத்து வாயில்களுக்கு இரண்டு. வாய்க்காலுக்கும் அணுகுசாலைக்கும் ஒன்றரை. புகார் கொடுத்த பிறகு ஓசூர் செல்லும் திசையில் சில வாயில்களைச் சுரண்டி மறுபடி தார் போட்டிருக்கிறார்கள்; தர்மபுரி திசையில் இன்னும் தொடவில்லை. மேலே தார் சேர்ப்பது படியை மறைக்கும். கீழே மண் அமுங்கிக்கொண்டே இருந்தால் அடுத்த ஆண்டும் இதே வேலை இருக்கும். பலகத்தின் கீழே துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பு செலுத்தி நிரப்பும் வழி இருப்பதாக அவர்களுடைய பொறியாளர் ஒருவரே சொன்னார். செலவு கூடுதல், அனுமதி வர வேண்டும் என்றார். பொறுப்புக்காலம் முடிவதற்குள் அந்த அனுமதி வந்து, இன்னொரு வடகிழக்குப் பருவமழையையும் அந்த வாயில்கள் தாங்கிவிட்டால் இரண்டை மூன்றரையாக்குவதில் எனக்குத் தயக்கமில்லை.